வேக மறுக்கும் கறி

கோலார் தங்கவயல் சமையலறைகளில் குக்கர் விசிலை எண்ணிக் களைத்தவர்களுக்கு இறைச்சி விஞ்ஞானிகளிடம் ஒரு பதில் இருக்கிறது. குற்றம் எருமையிடம் இல்லை. அதன் வயதில்.

கோலார் தங்கவயலின் பழைய சுரங்க லைன் வீடுகளில் மாட்டுக்கறிக் குழம்புக்கு ஒரே செய்முறை கிடையாது. மசாலாவை முதலில் வதக்க வேண்டுமா, கறியைத் தனியாக வேகவைத்துப் பிறகு சேர்க்க வேண்டுமா என்பதில் அக்கம்பக்கத்து வீடுகளே ஒத்துப்போவதில்லை. எல்லோருக்கும் பொதுவானது ஒரே கேள்விதான்: எத்தனை விசில்? ஆட்டுக்கறி என்றால் நாலைந்தில் முடிந்துவிடும். மாட்டுக்கறிக்கும் எருமைக்கறிக்கும் அப்படி உத்தரவாதம் தர முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு விசிலில் பஞ்சாக வேகும். அடுத்த ஞாயிறு பதினைந்து விசிலுக்குப் பிறகும் பல்லில் ரப்பர்போல இழுக்கும். பழி சமைத்தவர் மேல் விழும். அவர் அதைக் கறிக்கடைக்காரர் மேல் தள்ளிவிடுவார். கடைக்காரர் எருமை மேல் போடுவார்: "எருமைக்கறி என்றாலே அப்படித்தான்."

எருமை பாவம். அதன் மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை உலகின் பல ஆய்வுக்கூடங்களில் விசாரித்தாகிவிட்டது. தீர்ப்பு ஏறக்குறைய எருமைக்குச் சாதகமாகவே வந்திருக்கிறது. கறியின் மென்மையைத் தீர்மானிப்பதில் இனத்தைவிட அறுக்கப்படும் வயதுக்கும், அறுத்த பிறகு கழியும் சில மணி நேரத்துக்கும் பங்கு அதிகம். கர்நாடகத்தில் அந்த வயதை நிர்ணயிப்பது விவசாயியோ கசாப்புக்காரரோ அல்ல. சட்டமன்றம்.

தங்கவயலில் இது சாப்பாட்டு ருசி சம்பந்தப்பட்ட பேச்சோடு நின்றுவிடுவதில்லை. 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது பாறையை உடைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களின் தாழ்த்தப்பட்ட மக்கள். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம்வரை இறங்கி வேலை பார்த்தவர்களின் உடம்புக்கு மலிவாகக் கிடைத்த சத்து மாட்டுக்கறி. 2001 பிப்ரவரி 28ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது, கறி நிற்கவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் கூலி வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போய் இரவில் திரும்பும் குடும்பங்களுக்கு வாரத்தில் ஒருநாள்தான் நிதானமாகச் சமைக்க நேரம். அந்த ஒருநாள் கறி வேகாமல் போவது சின்ன விஷயமல்ல. காஸ் சிலிண்டர் விற்கிற விலையில் நிச்சயமாக அல்ல.

இனி சட்டம். 1964ல் வந்த கர்நாடகப் பசுவதைத் தடுப்புச் சட்டம் பசுக்களையும் எருமைக் கன்றுகளையும் அறுக்கத் தடை விதித்தது. காளை, எருது, எருமை ஆகியவற்றை 12 வயது கடந்திருந்தால் அல்லது உழவுக்கும் பாலுக்கும் இனப்பெருக்கத்துக்கும் நிரந்தரமாக லாயக்கற்றுப் போயிருந்தால், சான்றிதழ் பெற்று அறுக்கலாம் என்றது. 2021ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் கதவை இன்னும் சாத்தியது. பசு, கன்று, காளை, எருது எதுவும் எந்த வயதிலும் கூடாது. மிச்சமிருப்பது 13 வயதைத் தாண்டிய எருமை மட்டுமே. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, முதல் குற்றத்துக்கு 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரை அபராதம். பக்கத்திலிருக்கும் தமிழகத்தின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 10 வயதைக் கடந்து, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டுக்கே சான்றிதழ் தருகிறது. எல்லையின் இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் சட்டப்படி தட்டுக்கு வருவது கிழடு.

13 வயது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது தனிக் கூத்து. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிராணிக்குப் பல்தான் சாட்சி. ஆனால் ஐந்தாறு வயதுக்குள் எருமைக்கு நிலையான முன்பற்கள் எல்லாம் முளைத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துச் சொல்வது அனுபவ மதிப்பீடுதான். 12க்கும் 13க்கும் வித்தியாசத்தைப் பல்லைப் பிடித்துப் பார்த்து அடித்துச் சொல்லக்கூடியவர் அபூர்வம். அந்த ஒரு வயது வித்தியாசத்தில் சிறை இருக்கிறது.

கிழட்டுக் கறி ஏன் வேகாது? கறியில் இரண்டு சமாசாரங்கள் உண்டு. ஒன்று தசை இழை. மற்றொன்று இழைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பிடித்திருக்கும் உறை. கசாப்புக் கடையில் இதற்குப் பெயர் ஜவ்வு. விஞ்ஞானிகள் கொலாஜன் என்கிறார்கள். கன்றிலும் ஜவ்வு உண்டு, ஆனால் அதன் சரடுகளுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் சூட்டில் சுலபமாக அறுந்து ஜெலட்டினாகக் கரைந்துவிடும். வயது ஏற ஏற ஜவ்வின் அளவு பெரிதாகக் கூட வேண்டியதில்லை, பிணைப்புகள் முற்றுகின்றன. சூட்டுக்கு அசையாத புதிய முடிச்சுகள் விழுகின்றன. நேற்றுக் கட்டிய கயிற்று முடிச்சுக்கும் பத்து வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்து இறுகிய முடிச்சுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. சுமார் 60 முதல் 65 டிகிரியில் ஜவ்வு சுருங்கி, இழையிலுள்ள சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகிறது. அரைவேக்காட்டுக் கறி பச்சைக் கறியைவிடக் கடினமாகத் தோன்றுவது அதனால்தான். ஈரமான சூட்டில் மேலும் நெடுநேரம் கிடந்தால்தான் அது கரையத் தொடங்கும். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. குக்கரில் 120 வரை போகும். விசில் கணக்கின் ரகசியம் இதுதான்.

மென்மையை நாக்கால் சொல்லலாம். எண்ணால் சொல்ல வேண்டுமானால் கருவி தேவை. 1930களில் அமெரிக்காவில் வார்னர், பிராட்ஸ்லர் என்ற இருவர் உருவாக்கிய கருவிதான் இன்றும் உலகெங்கும் அளவுகோல். வெந்த கறியிலிருந்து இழையின் போக்கிலேயே அரை அங்குலப் பருமனில் ஓர் உருளை குடைந்தெடுக்கப்படுகிறது. கூர்மையில்லாத ஒரு தகடு அதைக் குறுக்கே வெட்டுகிறது. வெட்ட எவ்வளவு விசை பிடிக்கிறதோ அதுவே கடினத்தின் அளவு. கடைவாய்ப் பல்லின் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கருவியை வைத்துக்கொண்டு மாட்டுக்கறியின் மர்மத்தைத் துருவியவர்களில் முக்கியமானவர் மொஹமத் கூமராயி. நெப்ராஸ்கா மாநிலத்தின் கிளே சென்டரில் உள்ள அமெரிக்க அரசின் இறைச்சிக் கால்நடை ஆராய்ச்சி மையத்தில் 1980களிலும் 1990களிலும் அவரும் சகாக்களும் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரே வயது, ஒரே தீனி, ஒரே பண்ணை. அப்படியிருந்தும் ஒரு மாட்டின் கறி வெண்ணெயாகவும் இன்னொன்றின் கறி தோலாகவும் இருப்பது ஏன்?

பதில் தசைக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி. பெயர் கால்பெயின். உயிர் போன பிறகு தசையில் கால்சியம் கசியும்போது இது விழித்துக்கொள்கிறது, இழையின் மூட்டுகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. கறியைக் குளிர்அறையில் ஒரு வாரம், இரண்டு வாரம் தொங்கவிட்டால் மிருதுவாவது இதனால்தான். ஆனால் அதே தசையில் கால்பெயினுக்குக் கடிவாளம் போடும் இன்னொரு புரதமும் இருக்கிறது: கால்பாஸ்டாட்டின். கடிவாளம் பலமாக இருந்தால் கறி எத்தனை நாள் தொங்கினாலும் அதிகம் இளகாது.

1990ல் இந்தக் குழு வெளியிட்ட ஓர் ஆய்வில் இந்தியாவுக்கும் சம்பந்தம் இருக்கிறது. ஐரோப்பிய வம்ச மாடுகளுக்கு எதிராக அவர்கள் நிறுத்தியது பஞ்சாப் பகுதியின் பூர்வீக இனமான சாஹிவாலின் கலப்பு. திமில் உள்ள நம் ஊர் வம்சம். சாஹிவால் ரத்தம் கூடியவற்றில் கால்பாஸ்டாட்டினும் கூடுதல், கறியும் கடினம். வெயிலையும் உண்ணியையும் தாங்கும் திமில் மாடு, அறுத்த பின்பும் சீக்கிரம் விட்டுக்கொடுப்பதில்லை.

எருமை விஷயம் வேறு. 2007ல் பிலிப்பைன்ஸில் வளர்த்த எருமைகளையும் பிராமன் கலப்பு மாடுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளியானது. பிராமனும் இந்தியாவிலிருந்து போன திமில் வம்சம்தான். இரு தரப்புக்கும் ஒரே மாதிரி தீனி, ஒரே வயது. வெட்டும் விசை குறைவாகத் தேவைப்பட்டது எருமைக் கறிக்குத்தான். இளம் எருமையின் கறி மாட்டுக்கறிக்குச் சளைத்ததல்ல, பல சமயம் அதைவிட மிருது. எருமைக்கறி என்றாலே முரடு என்ற நம்பிக்கை நம் நாட்டில் எப்படி வந்தது என்று யோசித்தால் விடை தூரத்தில் இல்லை. நமக்குக் கிடைத்ததெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடம் பால் கறந்து, வற்றிய பிறகு வந்த எருமை. அமெரிக்கச் சந்தைக்குக் கொழுக்க வைக்கும் மாடு பெரும்பாலும் 2 வயதுக்குள் கறியாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவது, தாத்தாவையும் பேரனையும் ஓட்டப்பந்தயத்தில் விடுவதுபோல.

ஆகவே இந்திய இறைச்சி விஞ்ஞானிகளின் கேள்வி நெப்ராஸ்காவின் கேள்வியாக இருக்க முடியாது. நல்ல மாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவர்கள் கேட்டார்கள். இவர்களோ, கிடைத்த கிழ எருமையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டியிருந்தது.

இதற்கு வந்த பதில்களில் ஒன்று, சமையலறைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்: இஞ்சி. பி.எம். நவீனா, எஸ்.கே. மெண்டிரட்டா, ஏ.எஸ்.ஆர். ஆஞ்சநேயலு ஆகிய மூவரும் எருமைத் தொடைக்கறியை வைத்துச் செய்த ஆய்வு 2004ல் 'மீட் சயின்ஸ்' என்ற சர்வதேச இதழில் வெளியானது. கறித் துண்டுகளை நான்கு பங்காக்கினார்கள். ஒன்றுக்கு வெறும் தண்ணீர். ஒன்றுக்கு வடநாட்டில் கச்ரி எனப்படும் காட்டு வெள்ளரியின் பொடி, 2 சதவிகிதம். ஒன்றுக்கு இஞ்சிச் சாறு, 5 சதவிகிதம். மற்றொன்றுக்குப் பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின், 0.2 சதவிகிதம். 4 டிகிரி குளிரில் 48 மணி நேரம் ஊறவைத்துச் சமைத்தார்கள். தண்ணீரில் ஊறியதைவிட மற்ற மூன்றும் மென்மை. ஆனால் தோற்றம், ருசி, மென்மை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது சாப்பிட்டுப் பார்த்தவர்களின் அதிக மதிப்பெண் இஞ்சிக்கு.

காரணம் உண்டு. இஞ்சியிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருப்பதை 1973லேயே கண்டறிந்திருந்தார்கள். பப்பெயின் கைக்கு அகப்பட்டதையெல்லாம் வெட்டும். கொஞ்சம் கூடிப்போனால் கறி களியாகிவிடும். பப்பாளிக்காயை அரைத்துப் போட்டு மறந்துபோனவர்களுக்கு அந்தக் கதி தெரியும். இஞ்சியின் நொதியோ தசை இழையைவிட ஜவ்வின் மேல்தான் அதிகம் பாய்கிறது. கிழ எருமையின் வியாதிக்கு அதுதான் மருந்து.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இஞ்சியின் நொதி சுமார் 60 டிகிரியில் மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அதைத் தாண்டிச் சூடு ஏறினால் செத்துவிடும். இஞ்சி பூண்டு விழுதைக் காய்ந்த எண்ணெயில் போட்டு, பச்சை வாசனை போக வதக்கி, அதன் பிறகு கறியைப் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். வாசனை கிடைக்கிறது. நொதி எண்ணெயிலேயே போய்விடுகிறது. அரைத்து நாள்பட வைத்திருந்த விழுதிலும் அதன் வீரியம் நிற்பதில்லை. அப்போது அரைத்த பச்சை இஞ்சியைக் கறியில் பிசறி ஃப்ரிஜ்ஜில் ஊறவைத்து, மிதமான சூட்டில் மெல்ல ஏற்றினால்தான் ஆய்வுக்கூடத்தின் பலனில் ஒரு பங்காவது வீட்டுக்கு வரும். கறியில் முதலில் இஞ்சியைப் பிசற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் கிழவிகள் சில வீடுகளில் உண்டு. அவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

பச்சை இஞ்சியோடு விஷயம் தீர்ந்துவிடாது. உயிர் போன சில மணி நேரத்தில் தசை விறைக்கிறது. விறைப்பதற்கு முன்னால் அடுப்பேறினால் கறி ஓரளவு மிருதுவாகவே இருக்கும். நன்றாக விறைத்த பிறகு, நொதிகள் வேலையைத் தொடங்கும் முன்னால் சமைத்தால் அதுதான் மகா கடினம். காலையில் அறுத்ததைக் காலையிலேயே வாங்கி மதியத்துக்குள் சமைத்துவிடும் பழைய வழக்கத்தில் அர்த்தம் இருந்தது. ஃப்ரிஜ் வந்ததும் கணக்கு மாறியது. சூடு ஆறாத கறியை வாங்கிவந்து நேராக ஃப்ரீஸரில் திணிப்பவர்களுக்கு, நியூசிலாந்தின் ஆர்.எச். லாக்கர் 1960களில் செய்த ஆராய்ச்சி ஓர் எச்சரிக்கை. விறைப்பதற்கு முன்பே கடுங்குளிர் தாக்கினால் தசை சுருண்டுகொள்கிறது. உறைந்த கறி பனி விடும்போது இந்தச் சுருக்கம் இன்னும் மோசம். அப்படிச் சுருங்கிய கறியை எத்தனை விசிலும் மீட்காது.

அறுப்பதற்கு முந்திய மணி நேரங்களும் கணக்கில் உண்டு. பட்டினியோடு லாரியில் நெருக்கியடித்து, மிரண்டு, களைத்து வரும் பிராணியின் தசையில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துவிடுகிறது. அது இருந்தால்தான் இறந்த பிறகு தசையில் அமிலம் ஊறும். ஊறாத கறி கருஞ்சிவப்பாகப் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும். சட்டத்துக்கும் வழிமறிப்பவர்களுக்கும் பயந்து ராத்திரியில் சுற்றுவழியில் போகும் லாரியில் நல்ல கறியை எதிர்பார்க்க முடியாது.

ஐதராபாதில் 1999ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய பிரச்னைகளை எடுத்துக்கொண்டு வேலை நடந்திருக்கிறது. நவீனாவும் அங்கே பணிபுரிந்தவர். இளம் எருமையின் கறியையும் கிழ எருமையின் கறியையும் புரதம் புரதமாக ஒப்பிட்டு அங்கிருந்து ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் பத்திரிகைகளில் இறைச்சி ஆய்வுக்கூடத்தின் பெயர் அடிபடுவது மென்மைக்காக அல்ல. பிடிபட்ட கறி மாடா எருமையா என்று சொல்லும் சோதனைக்காக. விஞ்ஞானியின் நேரம் போலீஸ் பொட்டலத்திலும் செலவாகிறது.

குளிர்அறை, நிதானம், அமில அளவு எல்லாம் சரியாகக் கிடைக்கும் எருமைக்கறி இந்தியாவில் இல்லாமல் இல்லை. அது ஏற்றுமதிக்கூடங்களில் இருக்கிறது. உலகில் மாட்டினக் கறி ஏற்றுமதியில் முன்னணி நாடுகளில் ஒன்று இந்தியா. போவது முழுக்க எலும்பு நீக்கிய எருமைக்கறி. வியட்நாம், மலேசியா, எகிப்து என்று போகிறது. கோமாரிக் கிருமி சாக வேண்டும் என்பதற்காக அறுத்த உடலை 2 டிகிரிக்கு மேற்பட்ட குளிரில் குறைந்தது 24 மணி நேரம் வைத்து, பிஹெச் அளவு 6க்குக் கீழே இறங்கியதா என்று பார்த்த பிறகே எலும்பை நீக்குகிறார்கள். நோய்க்காக வந்த விதி, கறியைப் பதப்படுத்தவும் உதவுகிறது. கோலாலம்பூர்க்காரருக்குக் கிடைக்கும் இந்த ஒருநாள் ஓய்வு, மரக்கட்டையில் வெட்டிப் பொட்டலம் கட்டித் தரும் கறியை வாங்கும் தங்கவயல்காரருக்கு இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எருமை ஈனும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி கடா. பால் வியாபாரிக்கு அதனால் லாபமில்லை. தாய்ப்பாலை அதற்கு விடுவது நஷ்டம் என்று பட்டினி போட்டுச் சாகவிடுவது நாடெங்கும் பழக்கமாகிவிட்ட கொடுமை. கடாக்கன்றுகளைக் காப்பாற்றிக் கறிக்காக வளர்க்க மத்திய அரசே முன்பு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிலிப்பைன்ஸ் ஆய்வில் மென்மை என்று மதிப்பெண் வாங்கியது இரண்டரை வயது எருமை. கர்நாடகத்தில் ஒரு விவசாயி கடாக்கன்றைக் கறிக்கென்று வளர்க்க விரும்பினால் 13 வருடம் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். யாரும் காத்திருக்கப்போவதில்லை. கன்று பிறந்த சில வாரத்தில் செத்துப்போகும், அதன் தாய் கிழடான பிறகு கசாப்புக்கு வரும்.

அதுவரை தங்கவயலில் குக்கர்தான் கதி. குக்கர் வராத காலத்தில் விறகடுப்பில் அரைநாள் கொதிக்க விட்டார்கள். மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து உப்புக்கண்டமாக்கி, சுட்டு, கல்லில் வைத்துத் தட்டிச் சாப்பிட்டார்கள். அந்தத் தட்டலும் இழையை உடைக்கும் வழிதான். ஞாயிறு இரவு மிச்சமான குழம்பை மூடி வைத்தால் மறுநாள் விடியலில் அது கட்டியாக உறைந்திருக்கும். ஒருவழியாகக் கரைந்து ஜெலட்டினான அந்தப் பதிமூன்று வருடத்து ஜவ்வு அது. சூடு காட்டினால் இளகி, கறியின் மேல் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை மாரிக்குப்பம் ரயிலில் போகும் டிபன் பாக்ஸில் இருப்பது அதுதான். முதல் நாளைவிட ருசி என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள்.